வண்டி மேல் எழுதிய நம்பர்

மேக்ஸீனின் மணிக்கட்டுகள் இரண்டும் அவளுக்கு முன்பே விழித்துக்கொள்ளும். நாலரை மணிக்கு அலாரம் அடிப்பதற்குள் வலி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடும். முப்பத்தோரு வருஷம் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன் ஆலையில் ஐஸ் தண்ணீருக்குள் விட்டு விட்டு எடுத்த கைகள். காலையில் கெட்டிலைத் தூக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். மூடியைத் திறக்கக் கணவன் நெவில் வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. போன வாரம் மாமியாரின் பழைய கோட்டுக்குள், கிழிந்த உள்துணி வழியாக நழுவி அடியில் கிடந்த தங்க லாக்கெட் இன்னும் மேக்ஸீனின் பர்ஸில்தான் இருந்தது. ஏழு நாள் ஆகிவிட்டது. நெவிலிடம் அவள் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் வரவில்லை.

காணாமல் போன அந்த லாக்கெட்டுக்காகத்தான் இரண்டு வருஷத்துக்கு முன், அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நாற்பது பேர் முன்னால் நெவில் தன் அண்ணன் டென்னிஸைப் பார்த்து, "திருடன்" என்றான். டென்னிஸ் கோப்பையைத் தட்டில் வைத்தான். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அதோடு சரி. ஒரே ஊர், பஸ்ஸில் இருபது நிமிடம். அண்ணன் தம்பி முகம் பார்க்கவில்லை.

நெவில் அடுப்படி மேசையில் உட்கார்ந்து டோஸ்ட்டைக் கடித்தான். கடித்ததும் இருமினான். நவம்பரில் நிமோனியா வந்து ஒன்பது நாள் படுத்ததிலிருந்து அந்த இருமல் அவனை விடவில்லை. அந்த ஒன்பது நாள் வண்டி ஓடவில்லை, காசு இல்லை. வாசலில் யாரோ ஒரு அட்டைப்பெட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்: உருளைக்கிழங்கு, டின் சூப், தேயிலை, பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு பெரிய போர்க் பை. பெயர் எழுதவில்லை. சர்ச்சுக்காரர்கள்தான் என்று நினைத்து மேக்ஸீன் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினாள். அவர்களும் இல்லையென்று சொல்லவில்லை.

"இன்னிக்கு அஞ்சு மணியோட அவனுங்க கதை முடிஞ்சுது" என்றான் நெவில்.

"எவனுங்க கதை?"

"போன்காரனுங்க. திங்கக்கிழமையே கூப்பிட்டு லைனை வெட்டச் சொல்லிட்டேன்."

போனை அவள் பக்கம் தள்ளினான். கம்பெனியிலிருந்து வந்த செய்தி. ஏப்ரல் முதல் மாதக் கட்டணம் இருபது பவுண்டு தொண்ணூறிலிருந்து இருபத்திமூன்று ஐம்பது ஆகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய உயர்வு ஒரு பவுண்டு எண்பதுதான், இது அதைவிட அதிகம் என்பதால் விருப்பமில்லாதவர்கள் முப்பது நாளுக்குள் அபராதம் கட்டாமல் விலகிக்கொள்ளலாம்.

"ரெண்டு வருஷத்துக்குன்னு கையெழுத்து வாங்கிட்டு நடுவுல ஏத்துறான் மேக்ஸ். நானும் யாவாரிதான். மிசஸ் பாக்லிங்டன்கிட்ட ஹாடாக் அஞ்சு பவுண்டுன்னு சொல்லி, மீனைத் தட்டுல வச்சப்புறம் ஆறு குடுன்னு கேட்டா என்ன ஆகும்? அந்தத் தட்டாலயே அடிப்பாங்க."

"அடிக்கத்தான் செய்வாங்க."

"அதுலயும் பொய்யைப் பாரு. இருபது தொண்ணூறாம். நான் குடுக்கிறது பதினாலு. ஏழு வருஷமா அதே பதினாலு. ஏப்ரலுக்கு ஏப்ரல் ஏதோ சதவீதம்னு மிரட்டுவான், ஏத்தமாட்டான். இந்த வருஷம்தான் பவுண்டுக் கணக்குல எழுதினான், மாட்டிக்கிட்டான்."

"டென்னிஸ்னு சொல்லியா பேசின?"

"வேற யாருன்னு சொல்றது? லைன் அவன் பேர்லதானே கிடக்கு."

பத்தொன்பது வருஷத்துக்கு முன் முதல் வண்டியின் கடனைக் கட்ட முடியாமல் நெவில் கோர்ட்டுக்குப் போய் வந்தவன். அவன் பெயருக்கு ஒரு கம்பெனியும் போன் தரவில்லை. டென்னிஸ் தன் பெயரில் எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து போன் கம்பெனியோடு பேசும்போதெல்லாம் நெவில்தான் டென்னிஸ். அண்ணன் பிறந்த தேதி தெரியும். ரகசியக் கேள்வி, தாயாரின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். இரண்டு பேருக்கும் தாய் ஒருத்திதான், பதிலும் ஒன்றுதான்.

"சரி, நம்பர் என்னாகும்?" என்றாள் மேக்ஸீன்.

"நம்பருக்கு என்ன? அது என் நம்பர். வண்டி மேல எழுதியிருக்கு. சாயந்திரம் பத்து பவுண்டுக்கு ஒரு கார்டு வாங்கிப் போட்டுக்கிறேன். ஒப்பந்தமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"கார்டு மாறினா நம்பர் மாறாதா?"

"டயர் மாத்தினா வண்டி நம்பர் மாறுதா?"

நெவில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

வண்டி வெள்ளை. அதன் இரண்டு பக்கமும் ஓர் அடி உயரத்துக்கு நீல எழுத்தில் அந்த நம்பர். வியாழனும் வெள்ளியும் துறைமுகத்து மீனை ஏற்றிக்கொண்டு நெவில் உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போவான். நூற்று நாற்பது வீடுகள், பாதிக்கு மேல் தனியாக இருக்கும் கிழவர் கிழவிகள். தெருமுனையில் திரும்பும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவான். காசு செலவில்லை. இரண்டு ரிங் கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். தெரியாத நம்பரிலிருந்து வந்தால் அவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஏமாற்றுக்காரர்களிடம் பட்ட பாடு அப்படி.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மேக்ஸீன் மாத்திரையை விழுங்கிவிட்டு ஆலைக்கு நடந்தாள்.

*

பெல்ட்டில் அவளுக்கு எதிரில் நிற்பவள் டனூட்டா. போலந்திலிருந்து வந்து பதினேழு வருஷம். கையில் கத்தி ஓட, வாயில் பேச்சு ஓடும்.

மேக்ஸீன் காலையில் நடந்ததைச் சொன்னாள். டனூட்டாவின் கத்தி நின்றது. அது நின்று மேக்ஸீன் பார்த்ததில்லை.

"வெட்டச் சொன்னாரா? முதல்ல கோடு வாங்கினாரா?"

"என்ன கோடு?"

"நம்பரைத் தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு ரகசிய எண் குடுப்பான், அதான் கோடு. அதை வாங்கி புதுக் கம்பெனிகிட்ட குடுக்கணும். லைன் உயிரோட இருக்கிறப்பவே குடுக்கணும். லைன் செத்தா நம்பரும் செத்துது. கொஞ்ச நாள்ல வேற எவனுக்காவது குடுத்துடுவான். நான் மூணு கம்பெனி மாறினவ, எங்கிட்ட கேளு."

"ஐயோ. நூத்தி நாப்பது வீடு டனூட்டா."

"எத்தனை மணிக்குச் சாகுது?"

"அஞ்சு."

"இப்ப ஒன்பதரை. டீ இடைவேளையில கூப்பிடு."

ஆலைக்குப் பின்னால், காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று மேக்ஸீன் முதலில் நெவிலைக் கூப்பிட்டாள். கிராமங்களுக்கு நடுவே மலைச் சரிவுச் சாலையில் இருந்தான் போலும், சிக்னல் இல்லை. பிறகு கம்பெனியைக் கூப்பிட்டாள். பதினோரு நிமிடம் பாட்டு கேட்டபின் ஒரு இளம் குரல் வந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சு. பெயர் ஐல்சா என்றது.

"கணக்கு யார் பேர்ல இருக்கும்மா?"

"என் வீட்டுக்காரரோட அண்ணன்."

"அப்ப அவர்தான் பேசணும். மூடச் சொன்ன லைனை மூடாம வைக்கணும்னா அவரோட மெயிலுக்கு ஒரு எண் அனுப்புவோம், அதை அவர் படிச்சுச் சொல்லணும். திங்கக்கிழமை பேசினதும் அவர்தானே?"

"அது வந்து..." என்று மேக்ஸீன் இழுத்தாள்.

"நான் அதைக் கேக்கலைம்மா, விடுங்க" என்றாள் ஐல்சா. "அவரை அஞ்சு மணிக்குள்ள பேச வைங்க. ரெண்டு மணி வரைக்கும் நான் இருக்கேன். ரெண்டுக்கு முன்னாடின்னா என்னைக் கேளுங்க, பேர் எழுதி வைக்கிறேன். எனக்கு அப்புறம் வர்றவங்க முதல்லேர்ந்து எல்லாத்தையும் கேப்பாங்க."

மேக்ஸீன் உள்ளே வந்து கையுறையை மாட்டப் போனாள். டனூட்டா அதைப் பிடுங்கினாள்.

"போ. உன் பெட்டியையும் சேர்த்து நான் பார்த்துக்கிறேன்."

"சூப்பர்வைசர்?"

"பல்லு வலின்னு சொல்லு."

"என்னோடது பொய்ப்பல்லுன்னு அவனுக்குத் தெரியும்."

"அப்ப பொய்ப்பல்லு உடைஞ்சிடுச்சுன்னு சொல்லு. எனக்கு ஒரு சனிக்கிழமை பதிலுக்கு நீ பாரு. போ."

*

சூப்பர்வைசரிடம் கெஞ்சி வெளியே வர பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. அரை மணி நேரம் காத்திருந்து ஏறிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் கூட்டிக் கழித்துப் பார்க்க மேக்ஸீனுக்கு நேரம் கிடைத்தது.

பில் டென்னிஸ் பெயரில். கம்பெனி பணத்தை எடுப்பது டென்னிஸின் வங்கியிலிருந்து. நெவிலின் வங்கியிலிருந்து மாதம் பதினாலு பவுண்டு டென்னிஸ் கணக்குக்குத் தானாகப் போகும். ஏழு வருஷத்துக்கு முன் ஏற்பாடு செய்தது. சண்டைக்குப் பிறகும் அதை யாரும் நிறுத்தவில்லை, கூட்டவும் இல்லை.

செய்தியில் இருந்தது இருபது தொண்ணூறு. கம்பெனி இந்த விஷயத்தில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

அப்படியானால் மிச்சம் ஆறு பவுண்டு தொண்ணூறு மாதாமாதம் எங்கிருந்து போகிறது?

டென்னிஸின் தெருமுனை வந்ததும் மணியை அடித்து இறங்கினாள்.

டென்னிஸ் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் பார்ப்பவன். பகலில் தூங்குவான். அவள் கதவைத் தட்டினாள், திரும்பத் தட்டினாள், பிறகு தபால் போடும் துளை வழியாகக் கூப்பிட்டாள். ஒரு வழியாகப் படியில் காலடி கேட்டது. பனியனோடு, தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு, டென்னிஸ் கதவைத் திறந்தான். இரண்டு வருஷத்தில் கழுத்து இன்னும் மெலிந்திருந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. "நெவ்வுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கான். முட்டாளா இருக்கான், அவ்வளவுதான்."

டென்னிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். "அது புதுசு இல்லையே. உள்ள வா."

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கெட்டிலை வைத்தான். பால் எடுக்க அவன் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது மேல் தட்டில் கடையில் வாங்கிய மீன் விரல் டப்பாக்கள் நாலு அடுக்கியிருந்ததை மேக்ஸீன் பார்த்தாள். ரொட்டித்தூள் பூசி விரல் நீளத்துக்கு வெட்டிய, ஏதோ ஒரு மீனின் ஏதோ ஒரு பாகம். இந்த ஊரில் குழந்தைகள்கூட அதைக் கொடுத்தால் அழும்.

"இதையா தின்கிற?"

"மீன் வாங்க வேற இடம் தெரியல" என்றான் டென்னிஸ். "திங்கக்கிழமை அவன் என் பேரைச் சொல்லிப் பேசினானா?"

"ஆமா."

"மரியாதையாப் பேசினானா? என் பேர்ல கெட்ட வார்த்தை ஏதும் பேசலையே?"

"தெரியல."

"பேசியிருப்பான்."

அவன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். மணி ஒன்று ஐந்து. இருபது நிமிடம் பாட்டு. வேறொரு ஆள் எடுத்தான், டென்னிஸ் ஐல்சாவைக் கேட்டான், மறுபடி பாட்டு. ஒன்று முப்பத்தைந்துக்கு ஐல்சா வந்தாள். பிறந்த தேதி கேட்டாள். தாயாரின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் கேட்டாள்.

"கிரிப்" என்றான் டென்னிஸ். சொல்லிவிட்டு ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தான்.

"மெயிலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கேன் சார். படிச்சுச் சொல்லுங்க."

டென்னிஸ் மேக்ஸீனைப் பார்த்தான். "மெயிலைத் திறக்கிற வார்த்தை என்னன்னு மறந்துட்டேன்."

"நினைச்சுப் பாரு."

"மறந்துடும்னு தெரிஞ்சுதான் எங்கயோ எழுதி வச்சேன். எங்க எழுதினேன்னு மறந்துட்டேன்."

இரண்டு பேரும் தேடினார்கள். மேசை இழுப்பறை, சுவரில் தொங்கிய காலண்டரின் பின்பக்கம், ரொட்டி டப்பாவின் மூடி. மணி ஒன்று ஐம்பது. ஐல்சா போனில் பொறுமையாக இருந்தாள். அவளுடைய ஷிப்ட் முடியப்போகிறது என்பதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மாத்திரைகள் வைக்கும் அலமாரியைத் திறந்த மேக்ஸீன் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். டென்னிஸின் பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை, அதற்குப் பக்கத்தில் ஒரு வருஷம். அந்த வார்த்தை நெவிலின் முதல் வண்டிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்.

அவள் சீட்டைப் பிய்த்து அவனிடம் கொடுத்தாள்.

எண்ணைப் படித்தார்கள். இரண்டு மணி அடித்து நாலு நிமிடம் ஆனபோது ஐல்சா, "மூடுற உத்தரவை எடுத்துட்டேன் சார். நம்பர் பத்திரம்" என்றாள்.

மேக்ஸீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கை இரண்டும் மடியில் தானாகத் திறந்துகொண்டன.

"ஒண்ணு கேக்கலாமா சார்?" ஐல்சாதான். "இந்தப் போன் வாங்கின காசு எப்பவோ தீர்ந்துடுச்சு. நீங்க கார்டுக்கு மட்டும் கட்டினாப் போதும். பன்னெண்டு பவுண்டுக்கு ஒரு திட்டம் இருக்கு. ஏப்ரலுக்கு ஏப்ரல் ஒன்றரை பவுண்டு ஏறும், அதை இப்பவே சொல்லிடறேன். அதுக்கு மேல ஏறாது."

"பன்னெண்டா? இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே சார். கேக்கிறவங்களுக்குத்தான் குறைப்பாங்க. சத்தம் போடறவங்களுக்கு இன்னும் குறைப்பாங்க."

"திங்கக்கிழமை சத்தம் போட்டேனே."

"அன்னிக்கு நீங்க நாங்க பேசவே இடம் குடுக்கல சார்" என்றாள் ஐல்சா. அவள் சிரிப்பது கேட்டது.

பன்னிரண்டு பவுண்டுத் திட்டத்துக்கு மாற்றிவிட்டு, "லைனை உங்க தம்பி சம்சாரம் பேருக்கு மாத்தணுமா?" என்று ஐல்சா கேட்டபோது டென்னிஸ் மேக்ஸீனைப் பார்க்காமலே சொன்னான்: "வேணாம். என் பேர்லயே இருக்கட்டும்."

போனை வைப்பதற்கு முன் மேக்ஸீன் அதை வாங்கி, "பொண்ணே, நீ யாருன்னே எனக்குத் தெரியாது. உன் ரயிலோ பஸ்ஸோ போயிருக்கும். நூத்தி நாப்பது வீட்டுச் சாப்பாட்டை இன்னிக்கு நீ காப்பாத்தியிருக்கே" என்றாள். "காலையிலேர்ந்து எல்லாரும் திட்டினாங்கம்மா. நீங்கதான் முதல்ல நல்லதா ஒண்ணு சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

*

டென்னிஸ் ஹாஸ்லெட் என்கிற பன்றி இறைச்சித் துண்டுகளை வைத்து இரண்டு சாண்ட்விச் செய்தான். மேக்ஸீன் இரண்டையும் சாப்பிட்டாள்.

"எவ்வளவு கூடக் கட்டியிருக்கே?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"டென்னிஸ், நான் மீன் வெட்டுறவதான். ஆனா இருபது தொண்ணூறுலேர்ந்து பதினாலைக் கழிக்கத் தெரியும்."

அவன் எழுந்து போய் ஒரு கோப்பு கொண்டுவந்தான். மாத வாரியாக எல்லா பில்லும் இருந்தது. ஒவ்வொரு ஏப்ரலுக்கும் ஒரு கோடு போட்டிருந்தான். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கூட்டல்: இருநூற்று இருபத்திரண்டு பவுண்டு.

"ஏன் சொல்லல?"

"முதல்ல அம்பது பென்ஸ். அதுக்குப் போய் தம்பிகிட்ட நிக்கவா? அப்புறம் ஒரு பவுண்டு. அப்புறம் சண்டை. சண்டைக்கப்புறம் கேட்டா நல்லாவா இருக்கும்?" பக்கங்களைப் புரட்டினான். "பேச்சு நின்னுபோச்சு. பில்லு மட்டும் மாசாமாசம் வந்துட்டிருந்துச்சு. இதோ பாரு. தினம் காலையில அஞ்சு மணிக்கு ஏலக்காரனைக் கூப்பிடுவான். தேதி, நேரம் எல்லாம் வரும். வேலைக்குப் போறான்னு தெரியும். நவம்பர்ல ஒன்பது நாள் ஒரு போன்கூடப் பண்ணல."

மேக்ஸீன் நவம்பர் பில்லைத் தன் பக்கம் திருப்பினாள்.

"போர்க் பை நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான் டென்னிஸ்.

"நான் சர்ச்சுக்கு நன்றி எழுதிட்டேனே."

"தெரியும். பாதிரியார் அதை நோட்டீஸ் பலகையில ஒட்டியிருந்தார். போகும்போதும் வரும்போதும் படிச்சேன். நல்லா எழுதியிருந்தே."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. மூக்கைத் துடைக்கக் காகிதம் தேடிப் பர்ஸைத் திறந்தாள். உள்ளே லாக்கெட் கிடந்தது. இவனிடம் காட்டி என்ன பிரயோஜனம்? தான் எடுக்கவில்லை என்பது இவனுக்குத் தெரியும். பார்க்க வேண்டியவன் மீன் வண்டியில் இருக்கிறான். பர்ஸை மூடினாள்.

"பணத்தைக் கொண்டுவந்து குடுக்கச் சொல்றேன்" என்றாள்.

"வேணாம். பணத்தோட வந்தா நான் கதவைத் திறக்கமாட்டேன்." கோப்பை மூடிக் கயிற்றைக் கட்டினான். "இனி அவன் அனுப்பற பதினாலுல எனக்கே ரெண்டு பவுண்டு லாபம். அதைச் சொல்லு."

"வேற என்ன சொல்ல?"

"அவனுக்குத் தெரியும்."

வாசல் வரை வந்தான். அவள் அவனுடைய கன்னத்தில் முத்தமிட்டாள். வலிக்கிற கையால் அவன் தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள். "நன்றி டென்னிஸ்" என்றாள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

*

ஆறு மணிக்கு நெவில் வந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, போனைத் தூக்கிக் காட்டினான்.

"மணி ஆறு. லைன் ஓடுது பார். பயந்துட்டானுங்க மேக்ஸ். ஒருத்தன் எதிர்த்து நின்னாப் போதும், எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் பின்வாங்கிடுவான்."

"உட்காரு."

"கார்டு வாங்கணும்னே தேவையில்ல இப்ப—"

"நெவ். உட்காரு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டனூட்டா, ஐல்சா, சீட்டு, கோப்பு, அம்பது பென்ஸ், போர்க் பை. லாக்கெட்டைத் தவிர ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் பூசி மெழுகவில்லை. நெவிலின் முகம் முதலில் சிவந்தது. பிறகு சிவப்பு வடிந்தது. போர்க் பைக்கு வந்தபோது அவன் எழுந்து போய் கை கழுவினான். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

"என்ன தின்கிறான்?" முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

"மீன் விரல். டப்பா டப்பாவா வச்சிருக்கான்."

"மீன் விரலா? எங்க அப்பா இருந்திருந்தா அவனைப் படகிலேர்ந்து தூக்கிப் போட்டிருப்பார்." குழாயை மூடினான். வெளியே வண்டிக்குப் போனான். விற்காமல் மிச்சம் வந்ததில் நல்லதாக இரண்டு ஹாடாக் துண்டம் பொறுக்கி, தோலை உரித்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். டென்னிஸ் தோல் சாப்பிடமாட்டான்.

"நாளைக்கு நீ குடுத்துட்டு வா" என்றான்.

"நீ குடு."

நெவில் உட்கார்ந்தான். கூட்டிக் கழித்தான். அவனால் தாங்கக்கூடியது அதுதான்.

"இருநூத்தி இருபத்திரண்டு. வாரம் இருபது. பதினோரு வாரம், மிச்சம் ரெண்டு பவுண்டு. வேணாம்னா கதவுல போட்டுட்டு வர்றேன். அதோட தீர்ந்துது. அவனுக்கு நான் ஒண்ணும் பாக்கியில்ல."

மேக்ஸீன் அவனைப் பார்த்தாள். ஏழு நாளாக வராத தைரியம் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் வந்தது. பர்ஸைத் திறந்தாள். லாக்கெட்டை எடுத்து மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மாவோட பச்சைக் கோட்டுல இருந்துச்சு. பை கிழிஞ்சு துணிக்குள்ள விழுந்து கிடந்துச்சு. அவங்களே போட்டு வச்சது. யாரும் எடுக்கல."

நெவில் அதைத் தொடவில்லை. தொடாமலே தெரிந்தது. பின்பக்கத்தில் சின்னதாக இரண்டு பல் தடம். எட்டு மாதக் குழந்தையாக அவன் கடித்தது என்று அம்மா ஊரெல்லாம் காட்டுவாள்.

மேசை மேல் போன் ஒளிர்ந்தது. மிசஸ் பாக்லிங்டன். நாளைக்கு வருவாயா, ஹாடாக் இருக்குமா என்று கேட்டு ஒரு செய்தி. நெவில் அதைப் பார்த்தான். வண்டியில் எழுதிய அதே நம்பர், டென்னிஸ் பெயரில்.

பணத்துக்குப் பதினோரு வாரமும் இரண்டு பவுண்டும் போதும். நாற்பது பேர் முன்னால் திருடன் என்று சொன்னதற்கு டென்னிஸிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, நெவில் இன்னும் கொடுக்காத பாக்கி.